கோதுமைக் காசில் கப்பலேறிய தமிழ்ப் புத்தகங்கள்



நம் ஊர் நூலகங்களில் கிடைக்காத பழைய தமிழ் நூல்கள் பல, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்கேன் செய்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் போய்த் திறந்தால், "தேட மட்டும் அனுமதி" என்று வருகிறது. "நம் புத்தகத்தை நமக்கே காட்ட மாட்டார்களா சார்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பி.எல்.480 கோதுமையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1954-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் அது. அந்தக் கோதுமைக்கு நாம் டாலரில் அல்ல, ரூபாயில் பணம் கட்டினோம். அந்த ரூபாய் இங்கேயே குவிந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் வைத்து, இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நூல்களும் அப்படித்தான் கடல் கடந்தன.

2004-இல் கூகுள் நிறுவனம் பெரிய நூலகங்களின் புத்தகங்களை ஸ்கேன் செய்யத் தொடங்கியது. அந்தப் பிரதிகளைப் பாதுகாக்க 2008-இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்புதான் ஹாத்தி டிரஸ்ட். ஹாத்தி என்றால் இந்தியில் யானை. யானைக்கு மறதி கிடையாது என்பதால் அந்தப் பெயர்.

2011-இல் எழுத்தாளர் சங்கங்கள் அதன் மீது வழக்குப் போட்டன. அதே ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத "அநாதை நூல்களை"த் தன் மாணவர்களுக்குத் திறந்துவிடத் திட்டமிட்டிருந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பட்டியலைப் புரட்டினார்கள். அதில் இருந்த ஒரு நாவலாசிரியர் உயிரோடு இருந்தார். அவருக்கு இலக்கிய முகவரும் இருந்தார்! திட்டம் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது.

2014 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. ஒரு சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிச் சொல்லலாம். பார்வையற்றோர் போன்று அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு முழு நூலையும் தரலாம். இவை இரண்டும் நியாயமான பயன்பாடு என்றது நீதிமன்றம். காப்புரிமை உள்ள நூலை மற்றவர்களுக்குத் திறந்துவிடும் உரிமையை அந்தத் தீர்ப்பு தரவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை. அமெரிக்காவிலோ, இத்தகைய பழைய நூல்களுக்குப் பொதுவாக வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். 1970-இல் மறைந்த ஒருவர் 1955-இல் வெளியிட்ட நூல் இங்கே 2030 முடிவில் பொதுச்சொத்தாகும். அங்கே 2050 முடிவில்தான்.

எழுத்தாளருக்குரிய கூலியைச் சட்டம் காப்பது சரியே. ஆனால் மறுபதிப்பே காணாத நூல்களால் யாருக்கும் ஒரு ரூபாய் வருவதில்லை. அவை பூட்டிக் கிடப்பதால் எழுதியவரின் பெயர்தான் மறைகிறது.

பூட்டைத் திறக்க ஒரு வழி இருக்கிறது. உரிமையுள்ளவர் எழுத்துமூலம் அனுமதி தந்தால், ஹாத்தி டிரஸ்ட் அந்த நூலை எல்லோருக்கும் திறந்து வைக்கும். உங்கள் தாத்தாவோ பெரியம்மாவோ நூல் எழுதியிருந்தால், முதலில் ஹாத்தி டிரஸ்ட் பட்டியலில் அவர் பெயரைத் தேடுங்கள். உரிமையைப் பதிப்பகத்துக்கு விற்றுவிட்டாரா என்று பழைய ஒப்பந்தத்தைப் பாருங்கள். இல்லையென்றால், உரிமை வாரிசுகளுடையது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து பேசி, சேர்ந்தே கையெழுத்திடுங்கள்.

நிலத்துக்கும் வீட்டுக்கும் பாகம் பிரிக்கும்போது, புத்தகத்தின் உரிமையும் சொத்து என்பது நம் வீடுகளில் யாருக்கும் நினைவு வருவதில்லை. விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்