மைதானம் கிடைத்த பிறகு

வயதுக்கு வந்ததும் மைதானத்தை இழந்தவள் நான். அதனால் அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் வரலாற்றைப் பொறாமையோடுதான் படித்தேன். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் நைன்' சட்டம் ஆடுகளத்தையும் கல்லூரி உதவித்தொகையையும் திறந்துவிட்டது. 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைக் காண 90,185 பேர் வந்தார்கள்.

அந்த உதவித்தொகையே பிறகு சிறுமிகளின் கழுத்தை நெரித்தது. சிலர் எட்டாம் வகுப்பிலேயே கல்லூரிப் பயிற்சியாளருக்கு வாக்குக் கொடுத்தார்கள். பதின்மூன்று வயதில்! அப்புறம் ஓய்வு ஏது? முழங்கால் ஜவ்வு கிழிந்தாலும், வலியைவிட இடம் போய்விடுமே என்ற பயம். 2017இல் தேசியக் கால்பந்துச் சம்மேளனம் தொடங்கிய பெண்கள் அகாடமியோ, பெரும்பாலானவர்கள் பள்ளி அணியில் தோழிகளோடு ஆடுவதையும் தடுத்தது. களைத்து விலகியவளுக்கு 'மனவுறுதி இல்லாதவள்' என்ற பெயர். சட்டத்தை நான் குறைசொல்லவில்லை. அது வாங்கித் தந்ததை விளையாட்டாக வைத்துக்கொள்ள இந்தப் பெண்களை யாரும் விடவில்லை.

பத்தாம் வகுப்பு முடியும்வரை கல்லூரிகள் இவர்களிடம் பேசக் கூடாதென்ற விதி 2019இல்தான் வந்தது. அகாடமி 2020இல் மூடப்பட்டது.