தனி ஒலியட்டையும் உள்ளமை ஒலியும் - ஒரு வரலாற்று நோக்கு

கணனியில் இசை கேட்போரும் விளையாடுவோரும் நீண்ட காலமாக விவாதித்து வரும் வினாக்களுள் ஒன்று, தனியாக வாங்கிப் பொருத்தப்படும் ஒலியட்டை சிறந்ததா, அன்றித் தாய்ப்பலகையிலேயே அமைந்துவரும் ஒலி போதுமானதா என்பதாகும். இவ்வினாவுக்கு விடை கூற முற்படுவோர் பெரும்பாலும் இரு பொருள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவர். அவ்வொப்பீடு பயனுடையதே. எனினும், 'சிறந்தது' என்னும் சொல்லின் பொருளே காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளமையை அது மறைத்துவிடுகின்றது. 1990 இல் சரியாக இருந்த விடை 2007 இல் பிழையாகிவிட்டது. உள்ளமை ஒலி இறுதியில் வென்றது உண்மை. ஆனால் அது தரத்தினாற் பெற்ற வெற்றியன்று. ஒலியட்டை தனித்து நின்று செய்துவந்த வேலையைக் கணனியின் ஏனைய உறுப்புகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டமையாற் பெற்ற வெற்றி என்பதே இக்கட்டுரையில் நிறுவப்படவுள்ளது.

1981 ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணனி அலுவலகத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. அதனுள் இருந்த சிறு ஒலிபெருக்கியை நேரங்கணிக்கும் சில்லொன்றின் துடிப்பு இயக்கியது. ஒரு வேளையில் ஒரு சுரமே எழும். அதன் உரப்பைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பிழை நேர்ந்ததென எழுதுவினைஞரை எச்சரிப்பதற்கு அதுவே போதும் என்று கருதப்பட்டது போலும். இதனை வைத்து அக்காலக் கணனிகள் அனைத்தும் ஊமைகளாக இருந்தன என முடிவுசெய்தல் தவறாகும். 1982 இல் வந்த கொமொடோர் 64 கணனியில், பொப் யானெஸ் வடிவமைத்த ஒலிச்சில்லு மூன்று குரல்களை ஒருங்கே எழுப்பியது. 1984 இல் வெளிவந்த மக்கின்ரொஷ் பதிவு செய்யப்பட்ட ஒலியை மீட்டது. 1985 இன் அமிகா அத்தகைய ஒலியை நான்கு தடங்களில் தந்தது. இவற்றில் ஒலி உள்ளமைந்தே வந்தது, நன்றாகவும் இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம்கூடத் தன் 'பீ.சி. ஜூனியர்' கணனியில் மூன்று குரற் சில்லொன்றை வைத்தது; அக்கணனி சந்தையில் தோற்றது. ஆகவே ஒலியட்டை என்னும் தனிப்பொருள் கணனியின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. ஒரு குறிப்பிட்ட கணனிக் குடும்பத்தின் குறையிலிருந்தும், அக்குடும்பம் பிறர் நிரப்புவதற்கென விட்டுவைத்த வெற்றுச் செருகிடங்களிலிருந்தும் பிறந்ததாகும்.

அவ்விடத்தை முதலிற் பயனுற நிரப்பியவர் பொறியியலாளர் அல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. கனடாவின் கியூபெக் நகரிலுள்ள லவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் நிறுவிய 'அட்லிப்' கம்பனி, 1987 இல் தனது அட்டையை வெளியிட்டது. அதன் உயிர்நாடி யமஹா நிறுவனத்தின் சில்லொன்று. அச்சில்லு தழுவிய முறையோ, 1967 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இசையாக்குநரான ஜோன் சவுனிங் கண்டறிந்தது. ஓர் அலையின் மீடிறனை இன்னோர் அலையினால் மிக விரைவாக அசைத்தால், எளிய இரண்டு அலைகளிலிருந்தே மணியோசையையும் பித்தளைக் குழலோசையையும் ஒத்த செறிவான ஒலிகள் பிறக்கும் என்பது அவர் கண்ட உண்மை. பெரும் இயந்திரங்களை வேண்டாது சிக்கலான ஒலியை மலிவாகத் தந்தமையே இம்முறையின் சிறப்பு. யமஹா அதற்கான உரிமத்தைப் பெற்று, 1983 இல் டீ.எக்ஸ். 7 என்னும் புகழ்பெற்ற வாத்தியத்தை ஆக்கியது. அதன் எளிய வடிவமே ஒன்பது குரல்களோடு அட்லிப் அட்டையில் ஏறியது. கலைப்பீடத்தார் கணனிக்குச் செய்த கொடைகளைக் கணக்கெடுப்போர் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1988 இல் அமெரிக்காவின் சியெரா நிறுவனம் 'கிங்ஸ் குவெஸ்ற்' வரிசையின் நான்காம் விளையாட்டை, திரைப்பட இசையாக்குநர் ஒருவரின் இசையோடு, இவ்வட்டைக்கும் யப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் விலைமிக்க எம்.ரீ. 32 கருவிக்கும் ஏற்ப வெளியிட்டது. ஒரே காட்சியை உள் ஒலிபெருக்கியின் கீச்சொலியோடும் பின்னர் அட்டையின் இசையோடும் கேட்டவருக்கு ஒப்பீடே தேவைப்படவில்லை. 'தனியட்டை வெல்லுமா?' என்ற வினாவுக்கு ஐயத்துக்கிடமின்றி 'ஆம்' என்ற விடை பொருந்திய காலம் இதுவே.

அட்லிப்பின் ஆட்சி நீடிக்கவில்லை. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூவும் அவரது நண்பரும் 1981 இல் தொடங்கிய கிரியேற்றிவ் நிறுவனம் 1987 இல் வெளியிட்ட முதல் அட்டை அட்லிப்பை வெல்லவில்லை. 1989 இல் அது வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்ரர்' வேறு வழியை நாடியது. அட்லிப்பிலிருந்த அதே யமஹா சில்லை அது தன்னுள் வைத்தது. எனவே அட்லிப்புக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் யாவும் அதிலும் இயங்கின. அதற்குமேல், பதிவு செய்யப்பட்ட குரலை 8 பிற் அளவில் மீட்கும் வசதி, ஒலிவாங்கி வாயில், விளையாட்டுப் பிடிக்கான வாயில் ஆகியவற்றையும் சேர்த்தது. விளையாட்டுப் பிடிக்கெனத் தனியட்டை வாங்கியவருக்கு அச்செலவு மிச்சமாயிற்று. இசையின் தரத்தில் இரு அட்டைகளுக்கும் வேறுபாடு இல்லை, சில்லு ஒன்றே. வேறுபாடு பயனில் இருந்தது. 1992 இல் கிரியேற்றிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதற் சிங்கப்பூர் நிறுவனமாயிற்று; அதே ஆண்டில் அட்லிப் முறிந்தது.

இதன்பின் நிகழ்ந்தது ஒலியின் வரலாறு என்பதைவிட ஒத்திசைவின் வரலாறு எனலாம். விளையாட்டைத் தொடங்குமுன் அட்டையின் முகவரியையும் இடைமறிப்பு எண்ணையும் பயன்படுத்துநர் தாமே குறிப்பிடவேண்டிய காலம் அது. '220', '5', '1' என்ற எண்களை மந்திரம்போல் மனனஞ் செய்தவர் பலர். ஏனைய கம்பனிகளின் அட்டைகளும் தம்மைச் சவுண்ட் பிளாஸ்ரராகவே காட்டிக்கொள்ளவேண்டியதாயிற்று. 1992 இல் வந்த 'கிராவிஸ் அல்ட்ராசவுண்ட்' உண்மையான வாத்தியங்களின் பதிவுகளைத் தன் நினைவகத்திற் கொண்டு 32 குரல்களை அட்டையிலேயே கலந்தது. இசையில் அது சவுண்ட் பிளாஸ்ரரை விஞ்சியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மந்திர எண்களுக்குச் செம்மையாகப் பதிலளிக்க இயலாமையால் அது பின்தங்கியது. தனியட்டைகளுக்கிடையே நடந்த போட்டியிலேயே மேலானது வெல்லவில்லை எனின், பின்னர் வந்த உள்ளமை ஒலி தரமின்றியும் வென்றது வியப்புக்குரியதன்று.

1990களின் நடுப்பகுதிவரை ஒலிகளைக் கலப்பதும் உருமாற்றுவதும் மைய முறைவழியாக்கிக்குப் பெருஞ்சுமையாக இருந்தன. அச்சுமையைத் தாங்கவே அட்டையில் தனிச் சில்லுகள் இருந்தன. முறைவழியாக்கிகள் விரைவுற்றபோது, பல ஒலிகளை ஒருங்கே கலப்பது அவற்றின் நேரத்தில் மிகச் சிறிய பங்காகியது. 1997 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த 'ஏ.சி. 97' நியமம் இம்மாற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டது. கணிக்கும் வேலை முறைவழியாக்கிக்கும் அதனையடுத்த சில்லுத் தொகுதிக்கும் சென்றது. இலக்கங்களை மின்னலையாக மாற்றும் மலிவான சிறு சில்லொன்று மட்டும் தாய்ப்பலகையில் எஞ்சியது. ஆரம்பத்தில் அதன் ஒலி இரங்கத்தக்கதாகவே இருந்தது. சுட்டியை அசைக்குந்தோறும் செவிப்பன்னியில் இரைச்சல் கேட்டதுண்டு. ஆனால் அது இலவசம் போலத் தோன்றியது, கணனியோடு வந்தது. அட்டை வாங்குவதற்கு இனிக் காரணம் வேண்டும் என்ற நிலை பிறந்தது.

தனியட்டையும் குறையற்றதன்று என்பதை அதன் ஆதரவாளர் எளிதில் மறந்துவிடுவர். 1998 இல் பெரும்புகழ் பெற்ற 'சவுண்ட் பிளாஸ்ரர் லைவ்' அட்டை, எந்த ஒலியையும் செக்கனுக்கு 48,000 மாதிரிகளாக மாற்றியே கையாண்டது. இசைத்தட்டுகளிலோ செக்கனுக்கு 44,100 மாதிரிகளே உள்ளன. ஆகவே இசைத்தட்டின் ஒலி தேவையற்றதொரு மாற்றத்துக்கு உள்ளாகியது. அதே ஆண்டில் கிரியேற்றிவ், கொமொடோர் சில்லை வடிவமைத்த யானெஸ் பங்கேற்று நிறுவிய 'என்சோனிக்' நிறுவனத்தை வாங்கிற்று. அவ்வழிவந்த மலிவான சில்லுகள் பின்னர் தாய்ப்பலகைகளிலேயே பொருத்தப்பட்டன. தனியட்டையின் தலைவனே உள்ளமை ஒலிக்கும் சரக்கு வழங்கினான்.

ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்ற உணர்வைத் தரும் முப்பரிமாண ஒலியே அட்டைக்கு எஞ்சிய வலுவான காரணமாயிற்று. இத்துறையில் முன்னின்ற 'ஓரியல்' நிறுவனத்தின் மீது 1998 இல் கிரியேற்றிவ் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1999 இல் தீர்ப்பு ஓரியலுக்குச் சாதகமாகவே அமைந்தது. வழக்கை வென்ற நிறுவனம் 2000 இல் முறிந்தது. அதன் உடைமைகளை வழக்கில் தோற்றவரே வாங்கினர். போட்டி ஒழிந்த அத்துறையைச் சில ஆண்டுகளில் மைக்ரோசொப்ற் மூடிவிட்டது. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான 'விண்டோஸ் விஸ்ரா' என்னும் பணிசெயல் முறைமை, அட்டை நேரடியாக ஒலி கலக்கும் பழைய வழியை நீக்கி, அவ்வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தது. இதற்கு முன்பே, 2004 இல், இன்ரெல் வகுத்த புதிய உயர்தர ஒலி நியமம் உள்ளமை ஒலியின் பழைய குறைகள் பலவற்றைக் களைந்திருந்தது.

அப்படியாயின் இன்று தனியட்டைக்கு மேன்மையே இல்லையா? அளவுகருவிகள் 'உண்டு' என்கின்றன. நல்ல அட்டையொன்றின் இரைச்சல் குறைவு. உட்தடை மிகுந்த செவிப்பன்னிகளை இயக்கும் வலுவும் அதற்குண்டு. ஆனால் அளவுகருவி காண்பதையெல்லாம் செவி காண்பதில்லை. 2007 இல் மேயர், மொரன் என்னும் இருவர் ஒலிப்பொறியியற் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்ட ஆய்வில், இசைத்தட்டுத் தரத்திலான 16 பிற் ஒலியையும் அதனிலும் உயர்ந்ததெனப்பட்ட ஒலியையும் கேட்போர் வேறு பிரித்தறிய இயலவில்லை. சரியான விடைகள் நாணயத்தைச் சுண்டினாற் கிடைக்கும் அளவினவாகவே இருந்தன. ஆகவே விலைமிக்க அட்டைகளின் விளம்பரங்கள் காட்டும் பெரிய எண்களைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. உள்ளமை ஒலியில் இரைச்சல் கேட்குமாயின் மாற்றம் தேவை, கேளாவிடின் தேவையில்லை. இரைச்சல் கேட்கும் இடத்திலும், கணனியின் உள்ளே மின்னோட்டக் குழப்பத்தின் நடுவே அமரும் அட்டையைவிட, யூ.எஸ்.பி. வழி இணைந்து வெளியே இருக்கும் சிறு கருவியே தக்கது. பாடகரும் இசைப்பதிவாளரும் இன்று பெரும்பாலும் நாடுவது அதனையே. அன்று வெற்றுச் செருகிடம் தந்த வாய்ப்பு கணனிக்கு வெளியே சென்றுவிட்டது.

சிம் வோங் ஹூ 2023 ஜனவரியிற் காலமானார். 1990களின் விளையாட்டுகளை இன்றைய கணனிகளில் இயக்க விரும்புவோர் 'டொஸ்பொக்ஸ்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அது யமஹா சில்லின் குரல்களையும் சவுண்ட் பிளாஸ்ரரின் நடத்தையையும் முற்றிலும் கணிப்பினாலேயே உருவாக்கி, உள்ளமை ஒலியின் வழியே வெளியிடுகின்றது. அம்மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறப்பவர், அட்டை எதுவும் இல்லாத கணனியில், அட்டையின் முகவரி 220 என்று எழுதப்பட்டிருத்தலைக் காண்பர்.