ஐந்து ஆலைகளும் ஒரு கலயமும்

தென்னிந்தியாவில் தனித்தனியே நடந்துவந்த ஐந்து பீர் ஆலைகளை 1915 மார்ச்சில் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கினார். யுனைடெட் புரூவரீஸ் பிறந்தது அப்படித்தான். ஐந்தில் மூத்தது நீலகிரியின் காசில் புரூவரி, 1857-ல் தொடங்கியது. மலைக் குளிரும் நல்ல தண்ணீரும் அங்கே இருந்தன. வெலிங்டனிலும் பெங்களூரிலும் முகாமிட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பெரிய மரப் பீப்பாய்களில் பீர் போனது.

அதே காலத்தில் எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் ஒவ்வொரு பனையேறியின் தோட்டமும் ஒரு சிறு ஆலைதான். என் தாத்தா செங்கம் சாலையோர ஊர் ஒன்றில் பனை ஏறியவர். பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியைச் சீவி, கலயம் கட்டுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே அதைக் கள்ளாக்கிவிடும். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும் என்பதால் தூரத்துக்கு அனுப்ப முடியாது. மரத்துக்கு வரி உண்டு, கடைக்கு ஏலம் உண்டு. ஆனாலும் எந்தக் கம்பெனியும் வாங்கிக் குவிக்க முடியாத தொழில் அது. பல நாள் கெடாமல் நிற்கும் சரக்கைத்தான் பீப்பாயில் அடைத்து ஊர் ஊராக விற்க முடியும். ஆலைகளை இணைப்பதில் லாபம் வருவதும் அதனால்தான்.

1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். எங்கள் ஊர் அப்போது வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1939-ல் அங்கேயும் வந்தது. கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அரசுக்கு மாற்று வழி கிடைத்தது. பனையேறிக்கு வெல்லம் காய்ச்சும் வேலை மிஞ்சியது. விறகு வாங்கிய காசுகூட சில நாள் திரும்பாது என்று பாட்டி சொல்லுவாள்.

போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்தது. அதே 1948-ல்தான் விட்டல் மல்லையா யுனைடெட் புரூவரீஸின் தலைவரானார். 1951-ல் மெக்டவல் கம்பெனியையும் வாங்கினார். ஒரு மாகாணம் கதவைச் சாத்தினாலும் பெரிய கம்பெனிக்குப் பெங்களூர் இருந்தது. செங்கம் சாலைப் பனைமரத்தைப் பிடுங்கிக்கொண்டு யாரும் மாநில எல்லையைத் தாண்ட முடியாது.

1971-ல் கலைஞர் ஆட்சியில் கடைகள் திறந்தன, சில ஆண்டுகளில் மூடின, எம்.ஜி.ஆர். காலத்தில் மறுபடி திறந்தன. 1983-ல் மது மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987 ஜனவரியில் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன; பீரும் பிராந்தியும் தப்பின. 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே போனது. ஐந்து ஆலைகளில் தொடங்கிய கம்பெனியின் பெரும்பங்கு 2021-ல் நெதர்லாந்தின் ஹைனெகென் வசமானது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பங்குக்கு விலை பேசினார்கள், பணம் கொடுத்தார்கள். தாத்தாவின் தொழிலுக்கு ஒருவரும் விலை பேசவில்லை. ஒரு உத்தரவில் அது முடிந்தது.

குடி குடும்பத்தைக் குலைக்கும். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மதுவிலக்கை வேண்டிய பெண்களின் கண்ணீர் உண்மையானது. ஆனால் பீரை அரசே விற்றுக்கொண்டு, கலயத்தை மட்டும் குற்றமாக்குவதில் அந்தக் கண்ணீருக்கு மரியாதை எங்கே இருக்கிறது?

இன்று கிரிவலப் பாதையில் கோடையில் நுங்கும் பதநீரும் விற்கிறார்கள். மரமேறத் தெரிந்த இளைஞர்கள் அரிதாகிவிட்டார்கள். பனை நம் மாநில மரம். கள்ளின் மீதான தடையை அரசு நீக்க வேண்டும்; விற்பனையைப் பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கங்களிடமே ஒப்படைக்க வேண்டும், எந்தக் கம்பெனியிடமும் அல்ல.