நாற்காலி மாறியது, நிழல் வந்ததா?

நடுவர் அவர்களே! எதிரணியிலே வீற்றிருக்கும் அறிஞர் பெருமக்களே! உப்பிட்ட ஊராகிய மரக்காணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

அரசியல் மாற்றத்தைத் தருவது நல்ல தலைவரா? விழிப்புள்ள மக்களா? விழிப்புள்ள மக்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "தலைவன் வந்தால் எல்லாம் மாறும்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்? பக்கத்திலே இருந்தவர் தட்டினார், நானும் தட்டினேன்! (சிரிப்பு) இப்படித்தானய்யா நாம் பல தலைவர்களை உண்டாக்கியிருக்கிறோம்.

நண்பர் கானா நாட்டு நிக்ருமாவைச் சொன்னார். பெரிய மனிதர்தான். காந்தி வழியைப் படித்தவர். 1957-இல் தன் நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தவர். நண்பர் அதோடு நிறுத்திக்கொண்டார். நான் தொடர்கிறேன். 1948-இல் நிக்ருமாவையும் டான்குவா என்ற மூத்த தலைவரையும் வெள்ளையர் ஒன்றாகப் பிடித்து அடைத்தார்கள். விடுதலை வந்தது. மறு ஆண்டே, 1958-இல், விசாரணையில்லாமல் சிறை வைக்கும் சட்டமும் வந்தது. அதே டான்குவா 1965-இல் செத்தது எங்கே? நிக்ருமாவின் சிறையிலே! வெள்ளையன் போய்விட்டான், அவன் பூட்டும் சாவியும் போகவில்லை. 1966-இல் ராணுவம் நிக்ருமாவை இறக்கியபோது அவர் சிலையை உடைத்தார்கள்.

நாம் சிரிக்க வேண்டாம். நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரியில். தடுப்புக் காவல் சட்டம் வந்தது பிப்ரவரியில்!

"தான்சானியாவின் நைரேரே 1985-இல் தாமே பதவி விலகினாரே, மண்டேலா 1999-இல் ஒரே தடவையோடு போதும் என்றாரே?" என்று எதிரணி கேட்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தானாக இறங்குகிற தலைவன் கிடைப்பது அதிர்ஷ்டம். இறக்கத் தெரிந்த மக்கள் இருந்தால்தான் அது ஏற்பாடு. 27 ஆண்டு ஆண்ட கவுண்டாவை 1991-இல் ஜாம்பியா மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். நாமும் 1977-இல் செய்து காட்டினோம். (கைதட்டல்)

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். உப்பை வைத்துத்தானே சாம்ராஜ்யத்தையே அசைத்தோம்? 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்பு அள்ளிச் சிறை போனார். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. உண்மையான வெற்றி! ஆனால் வெள்ளையன் 1944-இல் போட்ட சட்டத்துக்குப் பெயர் 'மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம்'. வரி போன பிறகும் அந்தப் பெயரிலே உப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. எடுத்தது எப்போது தெரியுமா? 1996-இல்! பெயரிலிருந்து ஒரு சொல்லை எடுக்கவே 49 ஆண்டு ஆனால், வாழ்க்கையிலிருந்து வறுமையை எடுக்க எத்தனை ஆண்டு?

இன்று காலையில் உப்பளத்துப் பக்கம் போனேன். வெள்ளைப் பாத்தியிலே வெயில் பட்டுக் கண் கூசுகிறது. ஒரு மூதாட்டி பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, வெள்ளைக்காரன் போனதுலே என்ன மாறுச்சு?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளைக்காரன் போயிட்டான் ஐயா. வெயில் போகலியே! ஒதுங்கி நிக்க நிழல் எங்கே இருக்கு, நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிழலே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையிலே பாத்தியெல்லாம் குளம். வேலை கிடையாது, கூலி கிடையாது. அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கியது 2022-இல். விடுதலை பெற்று 75 ஆண்டு! இடையிலே எத்தனை தலைவர்கள் வந்தார்கள், போனார்கள்? நாற்காலியில் ஆள் மாறினால் அது ஆட்சி மாற்றம். அந்த அம்மாவுக்கு நிழல் வந்தால்தான் அரசியல் மாற்றம். நிழலைத் தலைவர் தானாகத் தரமாட்டார். கேட்கிற மக்கள் ஓயாமல் கேட்டால்தான் வரும்.

கடலிலே உப்பு இருக்கிறது. அது தானாகக் கரையேறுவதில்லை. பாத்தி கட்டுகிறவன் மக்கள்! ஆகவே விழிப்புள்ள மக்களே என்று தீர்ப்பளிக்க வேண்டுமென நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)