கணையத்தில் ஒரு டெட்லாக்

"சாப்பாட்டை மாத்தினா கணையம் சுரக்கிற நொதி மாறுமா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தாங்க. மாறும். அதை மனிதர்கள்கிட்ட தெளிவாக் காட்டினது ஒரு சோகமான வரலாறு.

1930-களில் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே டாக்டராக இருந்த சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் நின்றதும் பெரும்பாலும் மக்காச்சோள உணவையே நம்பியிருந்த குழந்தைகளுக்குக் கால் வீங்கி, தோல் உரிவதைக் கவனித்தார். 1935-ல் அந்த நோய்க்கு 'கா' மொழி மக்கள் சொன்ன பெயரையே பதிவு செய்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வர்ற நோய்னு அர்த்தம். பெயர்லயே பாதி காரணம் இருக்கு பாருங்க.

அடுத்த தடயம் உகாண்டாவின் கம்பாலாவில் கிடைத்தது. அங்கே வாழைக்காய் மசியல்தான் முக்கிய உணவு, புரதம் குறைவு. 1948-ல் ஜே.என்.பி. டேவிஸ் என்ற நோயியல் மருத்துவர், இந்த நோயில் கணையத்தின் நொதி சுரக்கும் செல்கள் சுருங்கிப்போவதை எழுதினார். சரி, உயிரோட இருக்கிற குழந்தைங்களுக்கு?

1952-ல் தாம்சன், ட்ரோவெல் என்ற இரண்டு மருத்துவர்கள், முன்சிறுகுடலில் இருந்து திரவத்தை எடுத்து அளந்தார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், கொழுப்பை உடைக்கும் லைபேஸ், புரதத்தை உடைக்கும் ட்ரிப்சின், மூணுமே குறைவு.

ஏன்னா நொதிங்கிறதே ஒரு புரதம்தான். உடம்பில் மிக வேகமாகப் புரதம் தயாரிக்கும் உறுப்புகளில் கணையமும் ஒன்று. சாப்பாட்டில் புரதம் இல்லையென்றால் நொதி குறையும். நொதி குறைந்தால், கிடைக்கிற கொஞ்சநஞ்ச புரதமும் சரியாகச் செரிக்காது. என்னை மாதிரி கோட் எழுதுறவங்க இதை டெட்லாக்னு சொல்வோம்: ஒன்னுக்காக இன்னொன்னு காத்திருந்து, ரெண்டுமே நின்னுபோறது.

நல்லவேளை, இந்தப் பூட்டு முழுசா பூட்டிக்கலை. பால் உணவு கொடுத்து குழந்தை தேறியதும் நொதிகளும் திரும்பின. ஆனா பசியில வாடின குழந்தைதானேன்னு முதல் நாளே நிறைய ஊட்டிடக் கூடாது. அந்த உடம்பு தாங்காது. அதனால்தான் இன்றும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளுக்கான சிகிச்சை எஃப்-75 என்ற பாலில் தொடங்குகிறது. 100 மில்லிக்கு 75 கிலோ கலோரிதான், புரதமும் குறைவு. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி கொடுப்பாங்க. குழந்தை நிலைப்பட்ட பிறகே எஃப்-100.

ரீஸ்டார்ட் பட்டனை ஒரே அழுத்தா அழுத்துற எனக்கு, இந்தப் பொறுமைதான் பெரிய பாடம்.