தொப்பியில் ஏறிய புலி



இன்றைய உரையை ஒரு சிறு உலோகத் துண்டிலிருந்து தொடங்குவோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அதிலே ஒரு புலி நிற்கிறது. புலிக்கு மேலே ஒரு சிறு பட்டையில் 'ஹிந்துஸ்தான்' என்று ஆங்கிலத்தில், பழைய காலத்து எழுத்துக்கூட்டலில் பொறித்திருக்கிறார்கள். கீழே 'லெஸ்டர்ஷயர்' என்ற பெயர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு மாவட்டத்தின் பெயர் அது. அந்த மாவட்டத்துக் காலாட்படை வீரர்கள் தங்கள் தொப்பியில் குத்திக்கொண்ட சின்னம் இது.

இங்கிலாந்தில் காட்டுப் புலி கிடையாது. மிருகக்காட்சி சாலையில் பார்த்தால்தான் உண்டு. அப்படியிருக்க, அந்த நாட்டுச் சிப்பாயின் தொப்பியில் புலி எப்படி ஏறியது? இந்தக் கேள்விதான் இன்று நமக்கு வழிகாட்டி. தபால்தலை சேர்ப்பவர்களைப் போலவே பிரிட்டிஷ் பட்டாளத்துச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ப்பது வெறும் உலோகத்தை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள கதையை. அந்தக் கதைகளில் சில நம் ரப்பர் தோட்டங்களின் ஊடாகவே நடந்திருக்கின்றன.

முதலில் இந்தப் பட்டாளங்களின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பிரிட்டிஷ் காலாட்படையை 'ரெஜிமெண்ட்' என்னும் பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். வெகுகாலம் அவற்றுக்கு எண்தான் பெரிய அடையாளம். 17ஆம் படை, 28ஆம் படை, 39ஆம் படை என்று சொல்வார்கள். 1881ஆம் ஆண்டில் பெரிய சீர்திருத்தம் ஒன்று வந்தது. எண்களை எடுத்துவிட்டு, மாவட்டப் பெயர்களைச் சூட்டினார்கள். பல இடங்களில் இரண்டு படைகளை ஒன்றாக இணைத்தார்கள். எண்ணை இழந்த சிப்பாய்க்கு மனத்தாங்கல் இராதா? தாத்தா காலத்திலிருந்து வந்த எண் அல்லவா? அந்த மனத்தாங்கலுக்கு ஆறுதலாக நின்றவை சின்னங்கள்தாம். பழைய படை எந்தப் போரில் பெயர் வாங்கியதோ அதன் அடையாளம் புதிய சின்னத்தில் இடம் பெற்றது.

இனிப் புலிக்கு வருவோம். லெஸ்டர்ஷயர் படைதான் அந்தப் பழைய 17ஆம் படை. அது 1804 முதல் 1823 வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள், இந்தியாவில் இருந்தது. புந்தேல்கண்டிலும் நேப்பாள எல்லையிலும் போரிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டைத் துண்டு துண்டாகத் தன் கைக்குள் கொண்டுவந்த காலம் அது. அந்தச் சேவைக்குப் பரிசாக 1825ஆம் ஆண்டில், புலி உருவத்தையும் 'ஹிந்துஸ்தான்' என்ற சொல்லையும் அணிந்துகொள்ளும் உரிமையை இங்கிலாந்து மன்னர் வழங்கினார். அன்றிலிருந்து அந்தப் படைக்குப் 'புலிகள்' என்பதே செல்லப் பெயர். இந்தியாவில் இருந்ததற்காகப் புலி பெற்ற படை இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். ஹாம்ப்ஷயர் படைக்கும், யார்க் அண்டு லங்காஸ்டர் படைக்கும் புலி உண்டு. புலி வாழ்ந்த மண்ணுக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

சென்னைக்கும் இந்தச் சின்னங்களில் பங்கு உண்டு. டார்செட் என்ற மாவட்டத்துப் படையின் சின்னத்தில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் இருக்கும். 'இந்தியாவில் முதலாவது' என்று அதற்குப் பொருள். கம்பெனியின் கூலிப்படையாக இல்லாமல், மன்னரின் சொந்தப் படையாக இந்தியாவுக்கு முதலில் வந்தது தாங்கள்தாம் என்று அவர்கள் பெருமை கொண்டார்கள். அவர்கள் 1754ஆம் ஆண்டில் வந்து இறங்கிய இடம் சென்னை. இன்னொன்று, ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற அயர்லாந்துப் படை. அதன் சின்னத்தில் தீப்பிழம்பு கக்கும் வெடிகுண்டோடு யானையும் புலியும் சேர்ந்திருக்கும். அயர்லாந்துக்கும் யானைக்கும் என்ன தொடர்பு? புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி வைத்திருந்த வெள்ளையர் படைதான் பின்னாளில் 1881 சீர்திருத்தத்தில் டப்ளின் பெயரைப் பெற்றது. அயர்லாந்தின் பெரும்பகுதி தனி ஆட்சி பெற்றதும், 1922இல் அந்தப் படையே கலைக்கப்பட்டது.

எல்லாச் சின்னங்களையும்விட சேகரிப்பாளர்கள் வாய் ஓயாமல் சொல்லும் கதை குளோஸ்டர்ஷயர் படையின் கதை. அந்தப் படை வீரருக்குத் தொப்பியின் முன்னால் ஒரு சின்னம், பின்னால் ஒரு சின்னம்! வேடிக்கையாக இருக்கிறதல்லவா? 1801ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், எகிப்திலே அலெக்சாந்திரியா நகருக்கு அருகே பிரெஞ்சுப் படையோடு சண்டை. அப்போது அது 28ஆம் படை. இருவரிசையாக நின்று முன்னே வரும் பகைவரைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். விடிந்தும் விடியாத நேரம். திடீரென்று பிரெஞ்சுக் குதிரைப்படை அவர்களுடைய முதுகுப்பக்கம் வந்துவிட்டது. ஓட இடமில்லை, அணி மாற நேரமில்லை. பின்வரிசைக்கு மட்டும் திரும்பி நிற்கும்படி கட்டளை பிறந்தது. முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒரு வரிசை முன்பக்கமும் மறுவரிசை பின்பக்கமுமாகச் சுட்டுப் பகைவரை விரட்டினார்கள். அதன் நினைவாகத்தான் பின்பக்கமும் ஒரு சிறு சின்னம். அதில் எகிப்தின் அடையாளமான ஸ்பிங்க்ஸ், அதாவது சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட உருவம் இருக்கும்.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1951ஆம் ஆண்டு ஏப்ரலில், கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் இதே படையின் ஒரு பட்டாலியன் சீனப் படைகளால் சூழப்பட்டது. அன்றும் பின்பக்கத்திலிருந்து பகைவர். ஆனால் இம்முறை தப்பியவர் வெகு சிலர், பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். பின்னர் படைகளைக் குறைத்தபோது குளோஸ்டர்ஷயர் என்ற தனிப்படையும் மறைந்தது. ஆயினும் 2007இல் உருவான 'தி ரைஃபிள்ஸ்' என்ற புதிய படை அந்தப் பின்சின்னத்தை விடாமல் ஏற்றுக்கொண்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது, வடக்கே காவல் நின்ற படைகளில் லெஸ்டர்ஷயர் படையின் முதலாம் பட்டாலியனும் ஒன்று. ஜித்ராவில் அவர்கள் நிலைகுலைந்து பின்வாங்கினார்கள். அவர்களோடு ஈஸ்ட் சர்ரே என்ற இன்னொரு படையும் பலரை இழந்திருந்தது. மிஞ்சியவர்களை வைத்துத் தனித்தனியே இரண்டு பட்டாலியன் நடத்த முடியாது. ஆகவே இருவரையும் ஒன்றாக்கி 'பிரிட்டிஷ் பட்டாலியன்' என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் தொப்பியில் புலி; அருகில் நிற்பவர் தொப்பியில் கிரீடம் தாங்கிய விண்மீன். வழக்கமாகத் தன் சின்னமே உசத்தி என்று சண்டை பிடிப்பவர்கள், ஒரே குழியில் படுத்துத் துப்பாக்கி பிடித்தார்கள்.

இடம் கம்பார். பேராவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈயக் குட்டைகளும், ரப்பர்க் காடும், அவற்றுக்கு மேலே எழுந்து நிற்கும் மலையும். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அந்தக் குன்றுகளில் கடும்போர் நடந்தது. பிரிட்டிஷ் பட்டாலியனோடு பஞ்சாப் படையின் சீக்கிய வீரர்களும் துப்பாக்கி முனையில் கத்தி செருகி மேட்டின்மேல் பாய்ந்தார்கள். மலாயாப் போரில் ஜப்பானியரின் வேகத்தை உண்மையிலேயே தடுத்து நிறுத்திய இடங்களில் கம்பாரும் ஒன்று. முன்னால் தோற்கவில்லை, கடல் வழியாகத் தெலுக் அன்சன் பக்கம் ஜப்பானியர் இறங்கிவிட்டதால், பின்வழி அடைபடும் என்று அஞ்சித்தான் விலகினார்கள். சில நாளில், ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் டாங்கிகளிடம் சிக்கிச் சிதறியவர்களில் ஆர்கைல் அண்டு சதர்லாண்டு ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையும் ஒன்று. காட்டுப்பன்றித் தலையும் பூனையும் கொண்ட அவர்களுடைய பெரிய சின்னத்தை வரைந்தவர் விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் இளவரசி. அதே படையினர்தாம் ஜனவரி 31ஆம் நாள் பைப் வாத்தியம் ஊதிக்கொண்டு ஜோகூர் பாலத்தைக் கடைசியாகக் கடந்தவர்கள்.

பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. புலிச் சின்னக்காரரும், விண்மீன் சின்னக்காரரும், பன்றித்தலைச் சின்னக்காரரும் கைதிகளானார்கள். அவர்களில் பலரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். நேயர்களே, இந்த இடத்தில்தான் அவர்களுடைய கதையும் நம் குடும்பங்களின் கதையும் ஒரே தண்டவாளத்தில் வந்து சேர்கின்றன. 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்து, 12,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். அவர்களோடு நம் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் ரயிலேற்றப்பட்ட தமிழர்கள். இவர்களில் இறந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவோர் உண்டு.

காஞ்சனபுரியில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, அழகாகப் பேணி வருகிறார்கள். 5,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள் அங்கே உறங்குகிறார்கள். பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, இறந்த நாள், அவற்றோடு அவருடைய படையின் சின்னம். அந்தச் சின்னத்தைப் பார்த்தே, இவர் லெஸ்டர்காரர், இவர் சர்ரேக்காரர் என்று சொல்லிவிடலாம். இறந்தவரை அவர்கள் மதித்த விதம் பாராட்டத்தக்கது; அதில் குறை காண நமக்கு எண்ணமில்லை. ஆனால் அதே பாதையில், அதே காலராவில் மாண்ட நம் அப்பாக்களுக்கும் மாமன்களுக்கும் தொப்பியும் இல்லை, தொப்பியில் சின்னமும் இல்லை. தனிக் கல்லும் இல்லை. அவர்களுக்கென்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது 2023ஆம் ஆண்டில்தான். ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து.

சின்னம் பேசும், ஆனால் தனக்கு வேண்டியதைத்தான் பேசும். ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற படையின் சின்னம் ஒரு விண்மீன். நடுவில் ஸ்காட்லாந்தின் முட்செடிப் பூ. எங்களைச் சீண்டுபவர் தண்டனையின்றித் தப்பமாட்டார் என்ற பொருளில் லத்தீன் வாசகமும் உண்டு. அவசரகாலத்தில், 1948 டிசம்பர் 12ஆம் நாள், சிலாங்கூரில் பத்தாங் காலிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், அந்தப் படையின் ரோந்துக் குழுவினர் ஆயுதமற்ற 24 சீன ஆடவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் யாரையும் சீண்டியவர்களல்லர். தப்பியோட முயன்றபோது சுட்டதாக அன்றைய அரசு சொன்னது. குடும்பத்தார் பல ஆண்டு போராடியும், முறையான விசாரணைக்கு உத்தரவிட 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தக் கதை எந்தச் சின்னத்திலும் பொறிக்கப்படவில்லை.

நம் பிள்ளைகளில் யாருக்கேனும் இப்படிச் சின்னம் சேர்க்க ஆர்வம் இருந்தால், காலம் கண்டுபிடிக்கும் வழி ஒன்றிரண்டு சொல்கிறோம். கிரீடம் இருந்தால் அதைப் பாருங்கள். 1901 முதல் 1952 வரை மன்னர்கள் ஆண்ட காலம். கிரீடத்தின் மேல்வளைவு உருண்டு குவிந்திருக்கும். எலிசபெத் அரசியார் காலத்தில் வளைவின் நடுப்பகுதி சற்றே பள்ளமாக இருக்கும். 2022க்குப் பின், சார்லஸ் மன்னர் காலத்தில் பழைய உருண்டை வளைவே திரும்பி வந்திருக்கிறது. லெஸ்டர் புலியில் கிரீடம் கிடையாது. ஆனால் அந்தப் படைக்கு 'ராயல்' என்ற பட்டம் கிடைத்தது 1946இல். ஆகவே, கம்பாரில் கண்டெடுத்தது என்று சொல்லி யாராவது 'ராயல் லெஸ்டர்ஷயர்' என்று எழுதிய புலியை நீட்டினால், ஒரு புன்சிரிப்போடு திருப்பிக் கொடுத்துவிடலாம். போலிகள் ஏராளம், பழைய அச்சிலேயே புதிதாக அடித்து விற்பவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தைச் சேமிக்கப் பிளாஸ்டிக்கிலும் செய்தார்கள். அதைப் பார்த்துப் போலி என்று எறிந்துவிடாதீர்கள்; அது அசல்.

பழைய லயத்து வீட்டை இடிக்கும்போதோ, கம்பார்ப் பக்கம் மண் வெட்டும்போதோ, தாத்தாவின் தகரப் பெட்டியிலோ இப்படி ஒன்று அகப்பட்டால், பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும். ஒரு காகிதத்தில், எந்த இடத்தில், எந்த நாளில், யார் கையில் கிடைத்தது என்று எழுதி உடன் வையுங்கள். அது தாத்தாவின் பெட்டியாக இருந்தால், அவர் பெயர், வேலை செய்த தோட்டத்தின் பெயர், ஜப்பான் காலத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.