சிற்றுருப் பசை

பிளாஸ்டிக் சிற்றுருவங்களை மரப்பீடத்தில் பொருத்தும் பசையை, உருவம் எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான மாதிரி உருவங்கள் பாலிஸ்டைரீனால் ஆனவை. அவற்றின் கை, கால்களை இணைக்கும் பிளாஸ்டிக் சிமென்ட், இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். மரம் அதில் கரையாது; எனவே பீடத்துக்கு அது உதவாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்தில் நன்றாக ஊறினாலும் வழவழப்பான பிளாஸ்டிக்கைப் பற்றாது. பீடத்தின் மேல் மணல் தூவி ஒட்டுவதற்கு அதுவே ஏற்றது.

1958-இல் விற்பனைக்கு வந்த சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் குளூ, நொடிகளில் இறுகும். நீர்த்த வகையை மரம் உறிஞ்சிவிடும் என்பதால் கெட்டியான ஜெல் வகையே நல்லது. ஆனால் இறுகியபின் அது நொறுங்கும் தன்மையுடையது. பக்கவாட்டில் ஓர் அடி பட்டால் உருவம் பெயர்ந்துவிடும். அதன் ஆவி பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படிவதும் உண்டு.

நெடுநாள் உறுதிக்கு, அரால்டைட் போன்ற இருகூறு எபாக்சியே சிறந்த தேர்வு. ஒட்டுமுன் பாதத்தின் அடியிலுள்ள வண்ணத்தைச் சுரண்டி, பீடத்தின் வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும். இல்லையேல் பசை பற்றுவது பூச்சை மட்டுமே. பாதத்தில் சுமார் 1 மி.மீ. துளையிட்டுக் கம்பி செருகி, அதைப் பீடத்துளையில் இறக்கி ஒட்டினால் பிடிப்பு பன்மடங்காகும். வளையக்கூடிய பாலிஎதிலீன் பொம்மை வீரர்களில் எந்தப் பசையும் எளிதில் பற்றாததால், கம்பியே அவற்றுக்கு நம்பகமான பிடிமானம்.